மழை பெய்யாத நாளையும் எழுதி வைங்க

2023 டிசம்பர் 18, காலை எட்டரை மணிக் கணக்கு. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை, திருச்செந்தூரில் 69. இரண்டுக்கும் நடுவே பத்து கிலோமீட்டர் தூரம்கூட இருக்காது. ஆனால் மழையில் வித்தியாசம் 26 செ.மீ. ஒரே நாளில் 20 செ.மீ.யைத் தாண்டினாலே வானிலைத் துறை அதை அதிகனமழை என்று சொல்லிவிடும். அப்படியென்றால் பக்கத்துப் பக்கத்து ஊருக்குள்ள வித்தியாசமே ஓர் அதிகனமழை. அன்றைக்கு மழையை அளக்கிற மானி இல்லாத ஊர்களில் எவ்வளவு கொட்டியது? வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற தடத்தைத்தான் காட்ட முடியும்.

நான் நாங்குநேரிப் பக்கம். மேற்கே மலையில் சாரல் அடித்தால் எங்களுக்குக் காற்றுதான் வரும். குளம் பெருக ஐப்பசி, கார்த்திகையைத்தான் நம்பியிருக்கிறோம். குளம் பெருகாத ஒரு வருஷம் மனு எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். "உங்க பக்கம் நல்ல மழைலா பெஞ்சிருக்கு" என்று ஒரு தாளைக் காட்டினார்கள். பெய்தது வாஸ்தவம்தான், எங்கள் ஊருக்குப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி. அவர்களிடம் ஓர் எண் இருந்தது, எங்களிடம் பேச்சு மட்டும்தான். மாட்டுக்கு ஒரு கொம்பு நனையும், ஒரு கொம்பு காயும் என்று ஊருக்குள் சொன்னால் தலையாட்டுவார்கள், ஆபீஸில் எடுபடுமா?

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் என்று ஓர் ஊர். 1997 ஜூலையில் அதன் ஒரு பக்கம் சில மணி நேரத்தில் ஓர் அடிக்கு மேல் மழை கொட்டி வெள்ளமாகிவிட்டது. அதே ஊரின் வேறு பக்கங்களில் சுமாரான மழைதான். இருந்த சில மானிகளை வைத்து எதுவும் புரியவில்லை என்பதால், அடுத்த வருஷமே வீட்டு முற்றங்களில் மானி வைக்கச் சனங்களைத் திரட்டினார்கள். கோகோராஸ் என்ற அந்தத் திட்டம் இன்றைக்கு அந்த நாடு முழுக்க நடக்கிறது. நாலு அங்குல வாய் உள்ள பிளாஸ்டிக் மானி, தினமும் காலையில் பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்த மானி 11 அங்குலம், அதாவது சுமார் 28 செ.மீ.தான் கொள்ளும். காயல்பட்டினத்து மழைக்கு ராத்திரியில் மூன்று தடவை எழுந்து அளந்து கொட்டியிருக்க வேண்டும்!

மானி வாங்க முடியாவிட்டால் அடியும் வாயும் ஒரே அகலமாக, தட்டையான அடியோடு இருக்கிற டப்பா போதும். உள்ளே ஸ்கேலை நிறுத்தினால் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீரோ அத்தனை மில்லிமீட்டர் மழை. வாளி மட்டும் வேண்டாம். எங்கள் சித்தப்பா "அரை வாளி பெஞ்சிருக்குலே" என்று ஊரெல்லாம் சொல்லி வருவார். வாளிக்கு வாய் அகலம், அடி குறுகல், உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். அப்புறம், வேப்பமரத்தடியிலும் சுவரோரத்திலும் வைக்காதீர்கள். மரம் எவ்வளவு உயரமோ அதில் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள்.

நான் எழுதுவது நோட்டில்கூட இல்லை, அடுக்களைச் சுவரில் தொங்குகிற மாதக் காலண்டரில். அம்மா பால் கணக்கு எழுதுகிற அதே கட்டத்தில், மேல் மூலையில் மழை. மழை பெய்த அன்றைக்கு எழுத யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, வாட்ஸ்அப்பில் வீடியோவே வந்துவிடும். பங்குனி, சித்திரையில் வரிசையாக நாற்பது நாள் 0, 0, 0 என்று எழுதுவதுதான் பாடு. "இல்லாத மழைக்கு என்னலே கணக்கு?" என்று அம்மாவே கேட்டாள். கட்டம் காலியாக இருந்தால் மழை இல்லையா, நாம் கல்யாணத்துக்குப் போய்விட்டோமா என்று பிற்பாடு யாருக்குத் தெரியும்? எங்களுக்கு வெள்ளத்தைவிட வறட்சிக்குத்தான் அடிக்கடி சாட்சி தேவைப்படுகிறது. அந்தச் சாட்சி இந்த 0தான்.

போன மாதம் தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் கழித்து வந்தேன். மானியில் 11 மி.மீ. கிடந்தது. இப்படி ஆனால் நாளுக்கு ஐந்தரை என்று பங்கு போடக் கூடாது, இரண்டு நாளுக்கும் சேர்த்து 11 என்றுதான் எழுத வேண்டும். பேனாவை எடுத்துக்கொண்டு போனால், முதல் நாள் கட்டத்தில் அம்மா கையெழுத்தில் "ஒண்ணுமில்ல" என்று இருந்தது. சரி, 11 முழுக்க இரண்டாம் நாளுக்கே போயிற்று.

வீட்டில் அளக்கிறவர்கள் தப்பாக எழுதமாட்டார்களா என்று கேட்பீர்கள். எழுதுவார்கள். நானே ஒரு தடவை 6.2-ஐ 62 என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் இன்னும் மூன்று பேர் அளந்தால் அது அன்றைக்கே பல்லிளித்துவிடும். அந்த மூன்று பேரைத்தான் தேடுகிறேன். மூலைக்கரைப்பட்டி, ஏர்வாடி, திசையன்விளைப் பக்கம் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். எல்லாரும் காலை எட்டரைக்கே பார்ப்போம், அரசுக் கணக்கும் அதே நேரம்தான். டப்பா கிடைக்கவில்லை என்றால் என்னிடம் இரண்டு உபரியாக இருக்கிறது.