பாங்கர் கோட்டைப் பலகையில் பேய் என்று எழுதவில்லை

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ராஜஸ்தான் போகும் யோசனை நம் சிங்கப்பூர்க் குடும்பங்களில் கிளம்பியதும், வாட்ஸ்அப்பில் பழைய செய்தி ஒன்று மறுபடி சுற்றுகிறது: "பாங்கர் கோட்டையில் பேய் இருக்கிறது என்று இந்தியத் தொல்லியல் துறையே பலகை வைத்திருக்கிறது."

பலகை இருப்பது உண்மை. சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் உள்ளே வரக்கூடாது என்கிறது. பேய் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆடு மாடு மேய்ப்பவர்களுக்கும் விறகு வெட்டுபவர்களுக்கும் எச்சரிக்கை இருக்கிறது. அங்குள்ள தாழை மரங்களுக்குச் சேதம் செய்யாதே என்றுகூட இருக்கிறது. (நம் பாண்டான் இலைக்குச் சொந்தக்காரத் தாழைதான்.) பக்கத்திலேயே சரிஸ்கா புலிகள் காப்பகம். இருட்டில் யாருக்குப் பயப்பட வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமா!

சரி, கோட்டையைச் சுற்றியிருந்த ஊர் ஏன் காலியானது? இளவரசி ரத்னாவதியை மயக்க வாசனைத் தைலத்தில் மந்திரம் வைத்தானாம் ஒரு மந்திரவாதி. அவள் அதைப் பாறையில் கொட்ட, பாறை உருண்டு அவனையே நசுக்கியதாம், சாகும்போது சாபமிட்டானாம். நல்ல கதை. ஆனால் 16ஆம் நூற்றாண்டில் ஆம்பேர் அரசர் பகவந்த் தாஸ் எழுப்பிய இந்த ஊர் ஒரே இரவில் அழியவில்லை. மெல்ல மெல்லத் தேய்ந்து, 1783 பஞ்சத்தோடு வெறிச்சோடியது.