ஃபிலிமுக்கு ஃபேரன்ஸ் க்ரீம் தெரியாது

நான் எடுத்த பூக்கார அம்மாவின் போர்ட்ரெய்ட்டைப் போட்டதிலிருந்து இங்கே நடக்கும் கூத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எனக்குக் கிடைத்த பட்டம் "ஃபேரன்ஸ் க்ரீம் போட்டோகிராபர்". கறுத்த முகத்தை வெளுக்க வைத்தேனாம். சந்தோஷம்.

நான் வெளுக்க வைக்கவில்லை. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பதிவு செய்யும் ரோலை இன்ஃப்ராரெட் 400 ஃபிலிம். லென்ஸில் ஹோயா ஆர்72 ஃபில்டர். ஏறக்குறைய 720 நானோமீட்டருக்கு மேலுள்ள ஒளி, அதாவது பெரும்பாலும் அகச்சிவப்புதான் அதற்குள் நுழையும். தோலைக் கறுப்பாகக் காட்டும் மெலனின் அந்த ஒளியை அவ்வளவாக உறிஞ்சாது. தோலுக்குள் கொஞ்சம் போய்ச் சிதறித் திரும்பிவிடும். யாரை உட்கார வைத்தாலும் முகம் பளிங்கு மாதிரிதான் வரும். அவருடைய கறுப்புச் சேலைகூடச் சாம்பலாகிவிட்டதே, அதற்கும் நான்தான் க்ரீம் பூசினேனா? கையில் பச்சை நரம்பு அப்பட்டமாகத் தெரிகிறதே, எந்த க்ரீம் அப்படிக் காட்டும்?

"ஃப்ளாஷைக் கொட்டிட்டான்" என்று ஒரு மேதை. ஐயா, ஃபில்டர் போட்டால் அந்த ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமை, ஒளிக்கு மந்தமான 12, 25 ஃபிலிம் மாதிரி வைத்துத்தான் எடுக்க வேண்டும். பெங்களூரு கப்பன் பார்க் வெயிலிலேயே ஷட்டர் மெதுவாகிவிடும். வயசான அம்மா எவ்வளவு நேரம் அசையாமல் இருப்பார்? அதனால்தான் ஃப்ளாஷ். ஸ்டுடியோ ஃப்ளாஷின் ஸெனான் குழாயில் அகச்சிவப்பு தாராளம். உங்கள் எல்.இ.டி. பேனலில் அது கிட்டத்தட்ட இல்லை. ஒளி அளக்கும் மீட்டரையும் நம்ப முடியாது, ஃபோகஸையும் லென்ஸில் இன்ஃப்ராரெட்டுக்கான சிவப்புக் குறிக்கு நகர்த்தணும். சொன்னால் புரியப்போகிறதா என்ன.

சாதாரண கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கலாமே என்று ஒருவர் மரியாதையாகவே கேட்டார். எடுத்தேன். போன மாதம் போட்டேன். அவர் நிறம் அப்படியே இருந்தது. நீங்கள் யாருமே எட்டிப் பார்க்கவில்லை.

எனக்கா நிறத்தைப் பற்றிப் பாடம்? பத்தாவது ஹால் டிக்கெட் போட்டோவுக்கு அல்சூரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். அந்த ஆள் கேட்காமலே என் முகத்தில் பவுடரை அப்பினார். "இன்னும் கொஞ்சம் ப்ரைட்டா பண்ணுங்க" என்றார் அப்பா. என்னைத் திட்டும் தோழரின் தங்கை கல்யாண ஆல்பத்தில் மொத்தக் குடும்பமும் சந்தன நிறம். அங்கே அரசியல் எங்கே போச்சு? பந்திக்குப் போயிருந்ததா?

நெகட்டிவ் என்னிடம் இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் வரலாம், லைட் பாக்ஸில் வைத்துக் காட்டுகிறேன். நேற்று அந்த அம்மாவுக்கு பிரிண்ட் கொடுக்கப் போனேன். பேரன் கமென்ட்டெல்லாம் படித்துக் காட்டியிருக்கிறான் போல. "எதுக்குப்பா வம்பு, அந்தப் போஸ்ட்டை எடுத்துடேன்" என்றார் அம்மா.

எடுக்க மாட்டேன்.