அலபாமாவின் நான்கு ஹைஸ்மன்களும் வெளிமாநிலத்தவரே

"அமெரிக்க அரசுப் பல்கலைக்கழக ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை) அணிகளில் வெளிமாநில வீரர்களுக்கு உச்சவரம்பு உண்டு" என்றொரு தகவல் சுற்றுகிறது. தவறு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதிகளில் மாநில ஒதுக்கீடே கிடையாது. இதை நம்பி எந்தப் பையனும் தயங்கி நின்றுவிடக் கூடாது.

அலபாமா பல்கலைக்கழகத்தையே பாருங்கள். அங்கே ஹைஸ்மன் விருது (ஆண்டின் சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கானது) வென்ற நால்வருமே வெளிமாநிலத்தவர்: மார்க் இங்க்ராம் (2009) மிச்சிகன், டெரிக் ஹென்றி (2015) ஃப்ளோரிடா, டெவான்டா ஸ்மித் (2020) லூசியானா, பிரைஸ் யங் (2021) கலிஃபோர்னியா. 2021 ஜனவரியில் ஒஹாயோ ஸ்டேட்டுடன் நடந்த தேசியச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் ஸ்மித் முதல் பாதியிலேயே 12 பந்துகளைப் பிடித்து 215 கெஜம் முன்னேறினார். மூன்று டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது) வேறு! பந்தை வீசிய மேக் ஜோன்ஸும் ஃப்ளோரிடாக்காரர்தான்.

அதற்காக உள்ளூர்ப் பிள்ளைகளை ஒதுக்கினார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2008-ல் சேர்ந்த ஜூலியோ ஜோன்ஸ், அலபாமா மாநிலத்தின் ஃபோலி ஊர்க்காரர்.