பாரதியைத் தேடியவர்களுக்கு ஒரு விருது

2021இல், பாரதி மறைந்து நூறாண்டு ஆனபோது, தமிழக அரசு நீளமாக ஒரு அறிவிப்புப் பட்டியல் வெளியிட்டது. நினைவு நாளை மகாகவி நாளாகக் கொண்டாடுவது, இளங்கவிஞர்களுக்குப் பரிசு என்று பலதும் அதில் இருந்தன. எனக்கு மனதில் தங்கியது ஒன்றுதான்: பாரதி ஆய்வாளர்கள் ஆறு பேருக்கு விருதும் தலா 3 லட்சம் ரூபாயும். பெரியசாமித் தூரன், ரா. அ. பத்மநாபன், தொ. மு. சி. ரகுநாதன், இளசை மணியன், சீனி. விசுவநாதன், ய. மணிகண்டன்.

பெயர்களைப் பார்த்ததும் சந்தோஷம். அடுத்த வரியைப் படித்ததும் சுருக்கென்றது. முதல் நான்கு பேரும் உயிரோடு இல்லை, பணம் குடும்பத்தாருக்கு. தூரன் காலமானது 1987இல், ரகுநாதன் 2001இல். “இப்பவாவது கொடுத்தாங்களே” என்றார் நண்பர். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இவர்கள் என்ன செய்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பாரதி தன் எழுத்தையெல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டுப் போனதுபோல நினைத்துக்கொண்டிருக்கிறோம். 38 வயதில் போய்விட்ட மனிதர். எழுதியதில் பெரும்பகுதி சுதேசமித்திரன், இந்தியா, விஜயா என்று பத்திரிகைப் பக்கங்களில் சிதறிக் கிடந்தது. காளிதாசன், சக்திதாசன், ஷெல்லிதாசன் என்று விதவிதமான புனைபெயர்கள் வேறு. பல கட்டுரைகளில் பெயரே கிடையாது. நடையைப் பார்த்து, சூழலைப் பார்த்து, இது அவருடையதுதானா என்று முடிவு செய்ய வேண்டும்.

சுதேசமித்திரன் பழைய இதழ்களைத் துழாவி தூரன் திரட்டியது 1953இல் ‘பாரதி தமிழ்’ ஆயிற்று. ‘இந்தியா’வில் வந்தவற்றை சி. எஸ். சுப்பிரமணியமும் இளசை மணியனும் ‘பாரதி தரிசன’மாக்கினார்கள். பத்மநாபன் படங்களையும் ஆவணங்களையும் தேடிச் சேர்த்து ‘சித்திர பாரதி’ கொண்டுவந்தார். டிசம்பர் 11 வந்தால் வாட்ஸ்அப்பில் பாரதி முகத்தை வைக்கிறோமே, அப்போது பத்மநாபனை நினைப்பவர் எத்தனை பேர்?

நானும் ஒருமுறை, ஒரு நூலகத்தில், பழைய பத்திரிகைத் தொகுதி ஒன்றைக் கேட்டேன். கடிதம் கேட்டார்கள், கொண்டுபோனேன். பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்றார்கள். மூன்றாம் முறை கிடைத்தது. பக்கத்தைப் புரட்டினால் ஓரம் அப்பளமாக நொறுங்குகிறது. பென்சிலால் நாலு பக்கம் எழுதுவதற்குள் கை வலித்து எழுந்துவிட்டேன். இவர்கள் இதையே ஆயுள் முழுக்கச் செய்திருக்கிறார்கள்.

சீனி. விசுவநாதன் செய்தது இன்னொரு பெரிய வேலை. பாரதி படைப்புகளை எழுதிய காலவரிசைப்படி அடுக்கினார். 23 தொகுதிகள் 2024 டிசம்பர் 11 அன்று தில்லியில் பிரதமர் கையால் வெளிவந்தன. அடுத்த மாதமே பத்மஸ்ரீ. அப்போது அவருக்கு வயது 90. தேதி போடுவது என்ன பெரிய காரியம் என்று கேட்கலாம். 1907 சூரத் காங்கிரஸ் மாநாட்டு நேரத்துப் பாரதியும், 1908இல் புதுச்சேரிக்குப் போன பிறகு வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்த பாரதியும், 1918 கடலூர்ச் சிறைக்குப் பிந்தைய பாரதியும் ஒரே குரலில் பேசுபவர்கள் இல்லை. தேதி இல்லாத மேற்கோளை வைத்து எந்தக் கட்சியும் அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். தேதி போட்டுவிட்டால் அது கஷ்டம்! (மேடைப் பேச்சாளர்கள் மன்னிக்க.)

வேண்டும்போது நாம் நேரத்தோடு கொடுத்தும் இருக்கிறோம். ரகுநாதனின் ‘பாரதி: காலமும் கருத்தும்’ நூலுக்கு 1983இல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தபோது அவருக்கு வயது 60தான். கையில் இன்னும் வேலை இருக்கும் வயது.

எனக்கு ஆசை இதுதான். நூற்றாண்டு வரும்வரை காத்திராமல், வருஷத்துக்கு ஒருவர் என்று இந்த விருதைக் கொடுங்கள். அதுவும் தேடிக்கொண்டிருப்பவருக்கு, நாற்பது வயதுக்காரருக்கு. பொன்னாடை வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே நாலு இருக்கும். பணத்தோடு எந்த ஆவணக் காப்பகத்திலும் நுழைய ஓர் அனுமதிச் சீட்டும், பக்கங்களை ஸ்கேன் செய்யச் செலவும் கொடுங்கள். அப்புறம், மேடையில் ஒரு நாற்காலி, தூசி தட்டிக் கட்டுகளை எடுத்துக் கொடுத்த அந்த நூலக ஊழியருக்கும் போடுங்கள்.