தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்ட மருத்துவர்

மனநோய் என்றாலே உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியதில்லை, வெளிநோயாளியாக வந்து போய்க்கொண்டே பலரும் வேலைவெட்டியோடு வாழலாம் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் மருத்துவர் ஒருவர் சொல்லியிருப்பது முழு உண்மை. என் தம்பியே சாட்சி.

கோவை மாவட்டம் சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறான். அவனுக்கு இருதுருவ மனநோய், அதாவது மனம் சில காலம் அளவுமீறிய உற்சாகத்திலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் மாறிமாறிப் போகும் நோய். மனநிலையைச் சீராக வைக்க லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். முதலில் காட்டிய இடத்தில் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் சீட்டு எழுதி நீட்டினார்கள். இப்போதைய மருத்துவர் எடுத்தவுடன் கேட்டது, "தறிக்குடோனில் வெக்கை எப்படி, கண்ணு? ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய்?" உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகிவிடும், கை நடுங்கும், வாந்தி வரும் என்று அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினார். அன்றிலிருந்து அம்மா உப்புப் போட்ட மோரைத் தூக்குப்போசி நிறையக் கொடுத்தனுப்புகிறார். தூக்கம் கெட்டால் நோய் திரும்பும் என்பதால் இரவு ஷிப்டையும் விடச் சொன்னார், தறிக்காரரும் மறுக்கவில்லை. லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றுக்கும் தவறாமல் இரத்தப் பரிசோதனை நடக்கிறது.

அரசின் மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலூக்கா மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் வரும் கிழமையை ஊராட்சிப் பலகையில் எழுதிவைத்தால் பெரிய உதவி. அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, "இன்று டாக்டர் இல்லை" என்று திரும்புகிறவர்களைக் கண்ணால் பார்க்கிறேன். அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம், குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.