அட்ரஸ் கேட்டால் பத்தடி தள்ளியே நில்லுங்கள்

எங்கள் சித்தி இப்போதெல்லாம் கோலம் போடும்போது தெருவுக்கு முதுகைக் காட்டுவதில்லை. கேட்டுக்கு உள்ளே நின்று இரண்டு பக்கமும் ஒரு பார்வை, அப்புறம்தான் வாளித் தண்ணீர், கோலமாவு எல்லாம் வெளியே வரும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழி விடிகாலை. பைக்கில் இரண்டு பேர். “அக்கா, மூணாவது கிராஸ் எது?” என்று பின்னால் இருந்தவன் கேட்டிருக்கிறான். மாவு டப்பாவோடு கிட்டே போய், கை நீட்டி வழி காட்டியிருக்கிறார். நீட்டிய கை நீட்டியபடி இருக்க, கழுத்தில் கை விழுந்தது. ஐந்து சவரன் தாலிச் சரடு. விடாமல் பிடித்ததில் நாலடி இழுபட்டு, முட்டி இரண்டும் தேய்ந்து, பாதிச் சரடு கையில் மிஞ்சியது. வண்டி இஞ்சினை அணைக்கவே இல்லை என்பதும், அதே வண்டி கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒருமுறை தெருவைக் கடந்து போனதும் அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

இதில் சித்தியின் தப்பு எதுவுமில்லை. திருடியவன்தான் திருடன், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. ஆனால் யாராவது ஏதாவது கேட்டால் கிட்டே போய், சிரித்த முகமாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதானே நம்மை வளர்த்திருக்கிறார்கள்? அந்தப் பைக்கில் வந்தவர்களின் முதலீடே அந்த மரியாதைதான். என் மகளிடம் நான் சொல்லிவிட்டேன்: தெருவில் முகம் தெரியாத ஆளிடம் மரியாதை இல்லாமல் நடந்துகொள்ள உனக்கு முழு அனுமதி உண்டு. பதில் சொல்லாமல் போகலாம். பத்தடி தள்ளி நின்று கத்திச் சொல்லலாம். “திமிர் பிடித்தவள்” என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

“ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துடு” என்ற அறிவுரையை மட்டும் தயவுசெய்து யாரும் எடுத்து வராதீர்கள். 2025 மார்ச் 25 அன்று திருவான்மியூர், பெசன்ட் நகர், கிண்டி, சைதாப்பேட்டை என்று சென்னையில் வரிசையாகச் சங்கிலி அறுத்தது எந்த நேரத்தில்? காலையில், சுமார் ஒரு மணி நேரத்துக்குள். விமானம் ஏறித் தப்பப் பார்த்தவர்களை விமான நிலையத்தில் பிடித்தார்கள். அன்று நகையைப் பறிகொடுத்தவர்கள் யாரும் ராத்திரி ஊர் சுற்றப் போனவர்கள் இல்லையே!

நான் நடைப்பயிற்சி போகும்போது சாலையின் வலது ஓரமாகத்தான் போவேன். நம் ஊரில் வண்டி இடது பக்கம் ஓடுவதால், என் பக்கம் வருகிற வண்டி எதிரே கண்ணுக்குத் தெரியும். இடது ஓரத்தில் போனால் அது முதுகுக்குப் பின்னால் வந்து உரசும். ஒரு காதில் மட்டும் இயர்போன். துப்பட்டா கழுத்தைச் சுற்றி. பை, சுவர்ப் பக்கத் தோளில். பெப்பர் ஸ்ப்ரேயும் வாங்கினேன், பையின் அடியில் சாவிக்கும் சில்லறைக்கும் நடுவில் ஆறு மாதம் கிடந்தது. கையில் இல்லாத ஸ்ப்ரே எதற்கு? தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஆண்களும் சிரிக்க வேண்டாம். சென்னை பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில் மெதுவாகும்போது படியில் நின்று போன் நோண்டுகிறவரின் கையில் கீழிருந்து கம்பால் அடிப்பார்கள். போன் போனால் பரவாயில்லை, ஆளே தடுமாறி விழுந்தால்?

வயதானவர்களுக்கு வேறு ஒரு வலை. “அம்மா, நாங்க போலீஸ். முன்னாடி தெருவுல கொள்ளை நடந்திருக்கு, நகையைக் கழற்றிப் பேப்பர்ல மடிச்சு வெச்சுக்கோங்க” என்று அக்கறையாக மடித்தும் கொடுப்பார்கள். வீட்டில் பிரித்தால் கூழாங்கல். நிஜப் போலீஸ் நடுத்தெருவில் நகையைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள். அப்படி யாராவது சொன்னால் பக்கத்துக் கடைக்குள் ஏறி 112-ஐக் கூப்பிடுங்கள்.

பிடித்து இழுத்துவிட்டால்? விட்டுவிடுங்கள். சித்தி இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். “தாலிடி அது” என்பார். எனக்கு அவர் கழுத்துத் தழும்புதான் கண்ணில் படுகிறது.

போன வாரம் பார்சல் கொண்டுவந்த பையன் வாசலில் நின்று வழி கேட்டான். சித்தி கேட்டைத் திறக்காமல், “ரெண்டாவது லெப்ட்!” என்று தெருவே அதிரக் கத்தினார். பையன் முகம் சுருங்கிப் போய்விட்டது. “பாவம் சித்தி, நல்ல பையன்” என்றேன்.

“நல்ல பையன்னா காது கேக்கும்டி” என்றார்.