பீவர் தோலில் மேல்முடி எடுப்பது

பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் தோலில் நீண்டு விறைத்த மேல்முடியும் அதனடியில் மெல்லிய அடிரோமமும் உண்டு. மேல்முடியைக் கத்தரியால் ஒட்ட நறுக்கினால் போதும் என்கிறது ஒரு கட்டுரை. தொப்பிக்கான ஃபெல்ட் (ரோமம் பின்னி இறுகிய துணி) செய்ய அது உதவாது. நறுக்கிய அடிக்கட்டைகள் விறைப்பானவை; மெல்லிய அடிரோமத்தோடு பின்னிக்கொள்ளாமல் ஃபெல்ட்டில் முள்ளாகத் துருத்தும். வேரோடுதான் பிடுங்க வேண்டும்.

தோலை வளைந்த மரக்கட்டைமேல் முடிப்பக்கம் மேலாக விரியுங்கள். மழுங்கிய கத்திக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் சில முடிகளை மட்டும் கவ்விச் சட்டென இழுங்கள். கூர்க்கத்தி வேண்டாம்: முடி அறும், வேர் தங்கும். விரலுக்கு ரப்பர் உறை, வழுக்கினால் சுண்ணப்பொடி. கொத்தாகப் பிடிக்கும் அவசரக்காரர்களுக்கு அடிரோமமும் சேர்ந்து வரும். மெதுவாக இழுத்தாலே அடிரோமம் கழன்றால் தோல் அழுகத் தொடங்கிவிட்டது, தொடர்வதில் பயனில்லை.

மேல்முடியின் வேர் அடிரோமத்தின் வேரைவிட ஆழத்தில் இருக்கிறது. அதனால் சதைப்பக்கத்தைச் சீராகச் சீவி மெலிதாக்கினால் மேல்முடி தளரும். கொஞ்சம் மிஞ்சினால் அடிரோமத்தின் வேரும் போய்விடும். புதியவர்கள் தொடாதிருப்பது நல்லது.

17ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்கப் பழங்குடியினர் முடிப்பக்கம் உடலில் படும்படி உடுத்திய தோல்களில் மேல்முடி தானாகவே உதிர்ந்திருக்கும். பிரெஞ்சு வணிகர்கள் அவற்றை 'காஸ்தோர் க்ரா' (கொழுப்பேறிய பீவர் தோல்) என்று தனியாகப் பிரித்து வாங்கினார்கள்.